நான் மாற்றி எழுதிய அலகு

என் மகள் என்னை நம்பிக் கேட்ட ஓர் அட்டவணையில், தெரிந்தே அலகை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கை தவறியதல்ல, மறதியும் அல்ல. கிலோகிராம்-மீட்டரில் இருந்த எண்களை அப்படியே வைத்துவிட்டு, தலைப்பில் நியூட்டன்-மீட்டர் என்று எழுதினேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஏறத்தாழப் பத்து மடங்கு வித்தியாசம். அந்த ஒரு சொல்லால் அவள் ஐந்து மாதம் தன்னையே சந்தேகப்பட்டாள். பிறகு தனக்கு அந்த வேலை வராது என்று முடிவுகட்டி, இரண்டு வருட உழைப்பை மூடி வைத்தாள். அப்போது நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்ல எனக்கு எழுபத்து நான்கு வயதாக வேண்டியிருந்தது.

முப்பத்து மூன்று வருடம் காரைக்கால் பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்தியவன் நான். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் கடலோரப் பட்டினச்சேரியிலிருந்தும் கருக்களாச்சேரியிலிருந்தும் வயல் கிராமங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று யூனிட் என்பதை அலகு என்றே சொல்லிப் பழக்கியிருந்தேன். விடை சரியாக இருந்து அலகு இல்லையென்றால் முழு மதிப்பெண்ணும் போய்விடும். இதில் நான் யாருக்கும் இரங்கியதில்லை. அதனால் எனக்கு அலகு சார் என்று பெயர். ஒருநாள் வகுப்புக்குள் போனபோது கரும்பலகையில் ஒரு காக்கை வரைந்திருந்தது. உடம்பைவிட மூக்கு நீளம். கீழே, ‘அலகின் நீளம் மூன்று’ என்று எழுதியிருந்தது. நான் சாக்பீஸை எடுத்து மூன்றுக்குப் பக்கத்தில் ‘அடி’ என்று எழுதிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். பிள்ளைகள் வெகுநேரம் சிரித்தார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது என் மனைவி அடுப்படியிலிருந்து, “சாம்பாருக்கு உப்பு ரெண்டு போட்டாச்சு” என்றாள்.

“ரெண்டு என்னம்மா?” என்றாள் குழந்தை.

“ரெண்டு லாரி. ஒங்கப்பாவ வந்து எறக்கச் சொல்லு.”

அந்தக் குழந்தைதான் வளர்ந்து கணினி படித்து, சென்னையில் நான்கு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, “நான் ஒரு கேம் பண்ணப்போறேன்ப்பா” என்றாள். இங்கே இருந்தே செய்யலாம், சேமிப்பு இரண்டு மூன்று வருடத்துக்குத் தாங்கும், யாரையும் எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

லாரி ஓட்டும் விளையாட்டு அது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் கட்டி, சாலையில் படுத்திருக்கும் மாடுகளைச் சுற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, எங்கள் வீட்டைத் தாண்டிப் போக வேண்டும். அந்த லாரிகள் நிஜமாகவே எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். கொடியில் காயும் துணியை எடுக்கும்போதெல்லாம் என் மனைவி நாலு உதறு உதறித்தான் மடிப்பாள். கரித்தூள் அப்படி.

“யாரும் யாரையும் சுட மாட்டாங்க. ரேஸ் கெடையாது. லாரி ஓட்டணும், அவ்வளவுதான்” என்றாள் மகள்.

“அதுக்கு நேரா லாரியே ஓட்டலாமே. லைசென்ஸ்தான் வச்சிருக்கியே” என்றாள் என் மனைவி.

எங்கள் தெருவில் ஒரு டிரைவர் இருந்தார். துறைமுகத்திலிருந்து இருபது வருடமாகக் கரி ஏற்றிப்போகிறவர். அவருடைய வண்டியில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தையும் கியர் விழும் சத்தத்தையும் பிரேக்கின் பெருமூச்சையும் மகள் பதிவு செய்துகொண்டு வந்தாள். அவர் கேட்டாராம்: “பாப்பா, கம்ப்யூட்டர்ல ஓட்டுனா இடுப்பு வலிக்குமா, வலிக்காதா? வலிக்காதுன்னா அது லாரி இல்ல.” மகள் அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள்.

வண்டி ஓடும் விதத்துக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். சக்கரம், ஸ்பிரிங், கிளட்ச், கியர், எஞ்சின் என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பெட்டி. அதற்குள் எண்களை நாம் நிரப்ப வேண்டும். எஞ்சின் பெட்டியில், வண்டி நிற்கும்போது எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும், அதிகபட்சம் எத்தனை சுற்று, எத்தனைக்குக் கீழே போனால் அணைந்துவிடும், எஞ்சின் ஓட்டத்தைச் சீராக்கும் ஃபிளைவீல் சக்கரம் எவ்வளவு கனம், உள்ளுராய்வு எவ்வளவு என்றெல்லாம் கட்டங்கள். அவற்றுக்குக் கீழே ஒரு வெற்று வரைபடம். அதில் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு வளைகோடு வரைய வேண்டும். எந்த வேகத்தில் எஞ்சின் எவ்வளவு முறுக்குவிசை கொடுக்கும் என்பதுதான் அந்தக் கோடு. டிரைவர்கள் அதை இழுவை என்பார்கள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டேன். “அமுக்க விகிதம் எங்க போடுவ? டீசல் தெளிக்கிற நேரம்?”

“அதெல்லாம் தேவையில்லப்பா. இந்தக் கோடு இருந்தாப் போதும். உள்ள என்ன எரியுதுன்னு வண்டிக்குத் தெரிய வேண்டாம்.”

அவள் சிரித்தாள். கேலியே இல்லாத சிரிப்பு. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து மூன்று வருடம் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் உள்ளே என்ன எரிகிறது என்பதைத்தான். அது முழுவதும் எலிக்குட்டி மாதிரி அந்த மவுஸைப் பிடித்து இழுத்து வரையும் ஒற்றைக் கோடாகிவிட்டதே என்று அன்று சாப்பாட்டின்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சமயத்தில் அரசு அலுவலக எழுத்தர் வேலைக்குத் தேர்வு அறிவித்திருந்தார்கள். விண்ணப்பிக்கச் சொன்னேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றாள். ஒரு கல்யாண வீட்டில், பெண் என்ன செய்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு என் பக்கத்தில் இருந்த உறவுக்காரர், “வீட்டுக்குள்ளயே லாரி ஓட்டுது” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை எனக்குக் காது எரிந்தது.

அந்த வாரம்தான் அவள் ஒரு வரைபடத் தாளோடு வந்தாள்.

“அப்பா, அந்த டிரைவர் வண்டியோட கோடு எனக்குச் சரியா வேணும். நெட்ல ஆளுக்கு ஒண்ணு போட்டிருக்கான். நீங்க எழுதித் தந்தா நான் கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடுவேன்.”

அந்த மாதிரி எஞ்சினின் பழைய பராமரிப்புப் புத்தகம் என்னிடம் இருந்தது. அந்தக் காலத்துப் புத்தகம். முறுக்குவிசை முழுவதும் கிலோகிராம்-மீட்டரில்தான் இருக்கும். மென்பொருளுக்கு நியூட்டன்-மீட்டர் வேண்டும். ஒன்பது புள்ளி எட்டால் பெருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். என் மனைவி படுத்திருந்தாள். ஒரு தாளில் வேகத்தை இடப்பக்கமும் முறுக்குவிசையை வலப்பக்கமும் எழுதினேன். ஆயிரத்துக்கு முப்பத்தாறு, ஆயிரத்து ஐந்நூறுக்கு நாற்பது, இரண்டாயிரத்துக்கு முப்பத்தெட்டு. தலைப்பில் கிலோகிராம்-மீட்டர் என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் மாற்றிய எண்களுக்காக இன்னொரு பத்தி போட வேண்டும். பேனா நின்றது. அந்தப் பத்தியைப் போடவில்லை. தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புதுத் தாளில் அதே எண்களை எழுதி, தலைப்பில் நியூட்டன்-மீட்டர் என்று போட்டேன்.

தாளைக் கிழித்ததால்தான் எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

கியர் விகிதங்கள், சக்கரத்தின் ஆரம், வண்டியின் எடை எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். ஒரு பொய்யைச் சுற்றி உண்மைகளை அடுக்கி வைக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் திணறுவாள், சலித்துப்போவாள், விண்ணப்பம் போடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் தாளைக் கொடுத்தபோது அவள் என் கையெழுத்தைப் பார்த்து, “பாத்தியாம்மா, தலைப்புல அலகு போட்டுத்தான் அடுத்த வேலை” என்று அம்மாவிடம் காட்டினாள்.

லோடு ஏற்றிய லாரி நகரவே இல்லை. கிளட்சை விட்டதும் குலுங்கி அணைந்தது. காலி லாரி மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மேடு என்றால் பாலம்தான். அந்தப் பாலத்தில் காலி வண்டிகூடப் பாதி ஏறி நின்றுவிட்டது.

“அப்பா, பாலம் ஏற மாட்டேங்குது.”

“கியரெல்லாம் சரியாப் போட்டியா?”

“போட்டேன்.”

“சக்கரத்தோட ஆரம்?”

“மீட்டர்லதான் போட்டேன். அலகெல்லாம் ரெண்டு தடவ பாத்துட்டேன்ப்பா.”

இரண்டு வாரம் போயிற்று. அவள் சலித்துப்போகவில்லை. கிளட்சைப் பிரித்து எழுதினாள். ஃபிளைவீலின் கனத்தைக் கூட்டினாள். கடைசியில் வழி தெரியாமல் லாரியின் எடையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாள். அப்போது வண்டி ஓடியது. ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அட்டைப்பெட்டி மாதிரி எகிறிக் குதித்து, பாலத்துக்கு வருமுன்னே கவிழ்ந்தது. அதை அடக்க ஸ்பிரிங்கை மாற்றினாள். டயரின் பிடிமானத்தை மாற்றினாள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெட்டது. டிரைவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “பாப்பா, இது கரி லாரி இல்ல, பஞ்சுமிட்டாய் வண்டி” என்றார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து முகம் கழுவப் போனாள்.

என் மனைவி என்னிடம் சொன்னாள்: “என்னங்க, அவ சரியாச் சாப்பிடுறதில்ல. நீங்க எஞ்சின் வாத்தியார்தான? போய் ஒக்காந்து பாருங்களேன்.”

“அது வேற எஞ்சின்” என்றேன்.

“எஞ்சின்ல என்ன வேற. ஒங்க பொண்ணுதான.”

போய் உட்கார்ந்தேன். அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கலாம். மகள் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தாள். நாற்பதில் பென்சில் நின்றது.

“அப்பா, நாப்பது நியூட்டன்-மீட்டர். இவ்வளவு பெரிய வண்டிக்கு இது கம்மியாத் தெரியல?”

நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “மேனுவல்ல இருக்கறதத்தான் எழுதியிருக்கேன். டீசல் வண்டிக்குச் சுத்துதான் கம்மி, கியர்தான் இழுக்கும்.”

“ஆமால்ல” என்றாள். பென்சில் அடுத்த வரிக்குப் போயிற்று.

முதலில் எழுதியதைக் கோழைத்தனம் என்றாவது சொல்லலாம். இதற்கு எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. அவள் சரியான இடத்தில் விரல் வைத்தாள். அந்த விரலை நான் எடுத்து அப்பால் வைத்தேன்.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று, விளையாட்டு பிடித்திருந்தால் முடிக்கும்வரை துணை நிற்பதாகச் சொல்லியிருந்தது. ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கணினி வழியாகவே அவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். எகிறும் வண்டியைக் காட்ட அவளுக்கு வெட்கம். எடையைப் பழையபடி நிஜ எடையாகவே வைத்துவிட்டாள். நான் கூடத்தில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. டிரைவருடைய வண்டியின் உறுமல் கேட்டது. கியர் விழுந்தது. பிறகு சத்தம் நின்றது. மறுபடியும் உறுமல், மறுபடியும் நிசப்தம். மூன்று முறை. அதற்குப் பிறகு ஓர் ஆணின் குரல் ஆங்கிலத்தில் மரியாதையாக, சாலையும் ஊரும் மிக அழகாக இருக்கின்றன, ஆனால் வண்டி ஓடும் அடிப்படையே இன்னும் கைக்கு வரவில்லை போலிருக்கிறது என்றது.

அவள் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு இது வரலப்பா.”

“பரவால்லம்மா. எல்லாருக்கும் எல்லாம் வராது” என்றேன்.

அடுத்த தேர்வை எழுதினாள். தேறினாள். புதுச்சேரி அரசில் வேலை என்றால் காரைக்காலிலேயே இருக்கலாம் என்பதில்லை. எங்கள் ஆட்சிப் பகுதி நாலு துண்டாகக் கிடக்கிறது. அவளை மாஹேவில் போட்டார்கள், கேரளக் கடற்கரையில். நான் ஆசைப்பட்ட அரசு வேலை என் மகளை நான் இருக்கும் கடலோரத்திலிருந்து பிரித்து எதிர்ப்பக்கக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. ரயிலடியில் என் மனைவி அழுதாள். “இங்கயே பக்கத்துல கெடைச்சிருக்கக் கூடாதா” என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் துணி உலர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் செய்தது அவளுக்குத் தெரியாது.

போன வருடம் மகள் தொலைபேசியில், அலமாரியில் இருக்கும் சான்றிதழ்க் கோப்பை அனுப்பி வைக்கச் சொன்னாள். எடுத்தபோது கோப்புக்குள் அந்தத் தாள் இருந்தது. பின்பக்கத்தில் அவள் பென்சிலால் ஒரு பட்டியல் போட்டிருந்தாள். ‘கிளட்ச், என் தப்பா? எடை, என் தப்பா? சக்கரம், என் தப்பா? உராய்வு, என் தப்பா?’ இப்படிப் பதினோரு வரி. ஒவ்வொன்றும் பல தடவை அடித்துத் திருத்தியது. முன்பக்கத்தில் என் அட்டவணையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: ‘அப்பா, சரி.’

அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தபால்காரர் வந்து கூப்பிட்டார்.

அவள் விட்டுப்போன மடிக்கணினி வீட்டில்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று தோன்றியது. வெறுங்கையோடு போக எனக்குத் துணிவில்லை என்பதுதான் உண்மை. அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அவள் மாற்றி மாற்றிக் குழப்பியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் ஸ்பிரிங்கில் செய்திருந்த ஒவ்வொரு திருத்தமும் என் பொய்யைத் தாங்கிப் பிடிக்க வைத்த முட்டுக்கட்டை. கை நடுக்கத்தில் வளைகோட்டின் புள்ளிகள் எங்கோ போகும். ஒருமுறை ஃபிளைவீலைக் கனமில்லாமல் வைத்துவிட்டேன். எஞ்சின் வீறிட்டு எகிறி, கிளட்சை விட்டதும் செத்தது. அவள் சொன்னது உண்மைதான், உள்ளே என்ன எரிகிறது என்று வண்டிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு கோடு சரியாக இருக்க வேண்டும்.

கடைசியாக நாற்பது இருந்த இடத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று அடித்தேன். மற்றவற்றையும் பெருக்கிப் போட்டேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

லாரி முழு லோடோடு துறைமுக வாசலிலிருந்து கிளம்பியது. பாலத்தில் மூச்சு வாங்கியபடி ஏறியது. உச்சியைத் தாண்டி இறங்கியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதை வரைந்த அவளைத் தவிர யாருமே பார்த்ததில்லை. வண்டிதான் ஏறவில்லையே.

அந்தப் பக்கம் எங்கள் வீடு இருந்தது.

பச்சைக் கேட், பக்கத்தில் முருங்கை மரம், கம்பிக் கொடி. கொடியருகே என் மனைவி நின்று ஒரு நீலப் புடவையை உதறிக்கொண்டிருந்தாள். முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் அந்தத் தோள் சாய்வு அவளுடையதுதான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் தடுமாறி ஹாரன் பட்டனை அழுத்திவிட்டேன். அந்த ஆள் பேப்பரைத் தாழ்த்தி எனக்குக் கையை ஆட்டினான்.

மறுவாரம் கணினியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பாலக்காட்டுப் பக்கம் இறங்கி, வண்டி மாறி, மாஹே போய்ச் சேர்ந்தபோது மகள் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். “இந்த வயசுல இதத் தூக்கிட்டு வரணுமாப்பா? சொன்னா நான் வந்திருப்பேன்ல” என்று பையை வாங்கிக்கொண்டாள். மாடியில் ஒரே அறை வீடு. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பிட்டதும் கணினியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். தொடமாட்டேன் என்றாள். பிறகு விரல்களை வைத்தாள். லாரி கிளம்பியது. அவள் முதுகு மெல்ல நிமிர்ந்தது. கிளட்சை விட்டு கியர் மாற்றும் இடம் அவள் கைக்கு மறக்கவில்லை. பாலத்தில் ஏறத் தொடங்கியதும் வாய்க்குள்ளேயே எண்ணினாள். பழைய வண்டி எந்த விளக்குக் கம்பத்தில் நிற்குமோ அதைத் தாண்டியது.

“ஏறுதுப்பா” என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். பாலத்தின் உச்சியில் பிரேக்கைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “என்ன மாத்துனீங்க? நான் எங்க விட்டேன்?”

“நீ எங்கயும் விடலம்மா.”

கோப்புக்குள் கிடைத்த அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தலைப்பைக் காட்டினேன். “அது கிலோகிராம்-மீட்டர். நான்தான் மாத்தி எழுதினேன்.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதறப்ப தெரியுமா?”

“தெரியும்.”

“நாப்பது கம்மியா இருக்கேன்னு நான் ஒருதடவ கேட்டேன்ல?”

“கேட்ட.”

“மேனுவல்னீங்க.”

“ஆமாம்மா. நீ அந்தப் பரீட்சைய எழுதணும்னு… அதுக்கும் மேல, என் பாடத்தை ஒரு கோடுன்னுட்டியேன்னு. ரெண்டும்தான். வேற ஒண்ணும் இல்ல.”

அவள் விரல் பிரேக் பட்டனிலிருந்து விலகியிருந்தது. உச்சியில் நின்ற வண்டி மிதிக்காமலே சரிவில் மெதுவாக நகரும். லாரி தானாகவே பாலத்திலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பச்சைக் கேட் வந்தது. கொடி வந்தது. அவள் திரையைப் பார்த்தாள். பட்டனை அழுத்தி எஞ்சினை அணைத்தாள்.

சத்தமில்லாத திரையில் அம்மா புடவையை உதறினாள். மறுபடியும் உதறினாள்.

“இதத்தான் அம்மாவுக்குக் காட்டணும்னு இருந்தேன். வண்டி ஓடுனதும் பாலத்தத் தாண்டி வந்து காட்டலாம்னு சொல்லாம வச்சிருந்தேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஒதறிக்கிட்டே இருக்காங்க பாருங்க. நிறுத்தறதுக்கு நான் ஒண்ணும் எழுதல.”

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாது.”

“நல்லவேளை” என்றாள்.

அதற்கு மேல் அவள் அதைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. மத்தியானம் மீன் குழம்பு வைத்தாள். முள் எடுத்துப் போட்டாள். மறுநாள் ரயிலடிக்கு வந்தாள். அங்கே நான்தான் கேட்டேன், இனிமேல் அதைத் தொடர்ந்து செய்யலாமே என்று. அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வருமா வராதான்னு தெரிஞ்சுக்க வேண்டிய வயசுல எனக்கு வராதுன்னு தெரிஞ்சிக்கிட்டேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் அப்படித்தான்ப்பா பாத்தேன். ஆபீஸ்ல ஒரு கூட்டல் தப்பா வந்தாக்கூட என்னோடதாத்தான் இருக்கும்னு நெனப்பேன். இப்ப அது இல்லேங்கிறீங்க. நான் எதுலேருந்து திருத்திக்கிட்டு வரது, சொல்லுங்க.”

ரயில் வந்துவிட்டது. கணினியை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். திறந்தாளா என்று தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறாள். முன்பு கூப்பிட்ட அதே நேரம்தான், ஒரு வாரமும் தவறவில்லை. சாப்பாடு, மருந்து, மழை என்று பேசுகிறாள். ஆனால் முன்பு ஏதாவது ஒன்றை என்னிடம் கேட்பாள், பைக் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, மிக்சி மோட்டார் ஏன் சூடாகிறது என்று. இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை. சர்க்கரை அளவை மட்டும் கேட்பாள்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, “நூத்தி எழுவது” என்றேன்.

“மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பிடுங்கப்பா” என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

அதிலிருந்து ஞாயிறு காலை எழுந்ததும் விரலைக் குத்திச் சோதித்து, அந்தக் கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்கிறேன். எங்கள் வாசலில் எதை வைத்தாலும் கரித்தூள் படிந்துவிடும். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் அலகு இருக்கிறது. அது தெரியும்படி கருவியின் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துவிட்டுத்தான் எடுப்பேன்.